மதுரைச் சமவெளியில் காற்றையும் விலங்குச் சேதத்தையும் தாங்கும் தாவரங்கள்

மதுரைச் சமவெளியில் காற்றையும் விலங்குச் சேதத்தையும் தாங்கும் தாவரங்கள் என்பது, மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் வீடு, தெரு, பள்ளி வளாகம், பூங்கா, தோட்டம் ஆகிய இடங்களில் நடுவதற்கு ஏற்ற மரஞ்செடிகளை இரண்டு அளவுகோல்களைக் கொண்டு தேர்ந்தெடுப்பது பற்றியதாகும். பலத்த காற்றில் மரம் சாயாமலும் முறியாமலும் நிற்பது முதல் அளவுகோல். மயில், காட்டுப்பன்றி, குரங்கு, மான், முள்ளம்பன்றி முதலிய காட்டுயிர்களும் மேயும் கால்நடைகளும் ஏற்படுத்தும் சேதத்தைத் தாங்குவது இரண்டாவது. இவற்றுடன் வறட்சியைத் தாங்கும் தன்மையும் சேர்ந்தால்தான் ஒரு தாவரம் இப்பகுதிக்கு முழுமையாகப் பொருந்தும்.

நிலமும் காலநிலையும்

மதுரை வைகை ஆற்றங்கரையில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு சுமார் 850 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசலும் மிகுதி. கரிசல் மண் கோடையில் வெடித்தும் மழையில் இளகியும் போவதால் வேர்ப்பிடிப்பைப் பாதிக்கிறது.

இப்பகுதியில் மரங்களைச் சாய்க்கும் காற்று மூன்று வகையில் வீசுகிறது.

- கோடை இடிமழைக் காற்று: ஏப்ரல், மே மாதங்களில் மாலை வேளைகளில் திடீரென வீசுவது. சில நிமிடங்களே நீடித்தாலும் மிகுந்த சேதம் விளைவிக்கும். வாழைத் தோட்டங்கள் இதில்தான் பெரிதும் சாய்கின்றன.
- ஆடிக் காற்று: தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கு மலைத்தொடரின் கணவாய்கள் வழியாக நாள்கணக்கில் தொடர்ந்து வீசுவது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழி இதனைக் குறிக்கிறது. இளங்கன்றுகளைச் சாய்த்து வளைப்பதும் மண்ணை உலர்த்துவதும் இக்காற்றின் விளைவுகள்.
- புயற்காற்று: வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் உள்நாட்டை அடையும்போது வலுக்குறைந்துவிடும். எனினும் அவை பருவமழை மாதங்களில், மண் ஊறியிருக்கும்போது வருவதால் மிதமான காற்றே மரத்தை வேரோடு சாய்க்கப் போதுமானதாகிவிடுகிறது.

மதுரைக்குக் "கடம்பவனம்" என்றொரு பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு ஆகும். அரசரடி, விளாங்குடி, இலுப்பைக்குடி, பனையூர், ஆலங்குளம், உசிலம்பட்டி என இப்பகுதி ஊர்ப்பெயர்கள் பலவும் மரங்களின் பெயரால் அமைந்தவை. இவ்வூர்ப்பெயர்களை இம்மண்ணில் எவ்வகை மரங்கள் நின்று நிலைத்தன என்பதற்கான ஒரு பட்டியலாகவும் கொள்ளலாம்.

காற்று மரத்தைச் சாய்க்கும் விதம்

காற்று ஒரு பரப்பின்மீது செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்றைவிட 80 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ நான்கு மடங்கு விசையைச் செலுத்தும். மரத்தின் இலைகளும் சிறுகிளைகளும் காற்றின் திசையில் மடிந்துகொடுப்பதால் உண்மையில் விசை இதைவிடச் சற்றுக் குறைவாகவே உயரும். மடிந்துகொடுக்கும் கிளைகளையுடைய புளி போன்ற மரங்கள் காற்றைத் தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

இவ்விசை தழைப்பகுதியின் நடுவில் செயற்படுவதாகக் கொண்டால், அதன் உயரம் நெம்புகோலின் கையாக அமைகிறது. எனவே உயரத்தில் மட்டும் தழைத்த மரத்தின் அடிப்பகுதி மிகுந்த வளைவிசைக்கு உள்ளாகிறது. மறுபுறம், அடிமரத்தின் தாங்குதிறன் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஒரே வகை மரத்தில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிமரத்தைக் காட்டிலும் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ளது எட்டு மடங்கு வளைவைத் தாங்கவல்லது. இதனால்தான் மெதுவாக வளர்ந்து அடிபருக்கும் மரங்கள், விரைவாக உயரும் மரங்களைவிடப் பாதுகாப்பானவை.

மரம் காற்றில் மூன்று விதமாகச் சேதமுறுகிறது:

1. வேரோடு சாய்தல். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரவியிருக்கும். மண் ஊறி இளகும்போதோ, பக்கவேர்கள் வெட்டப்பட்டிருக்கும்போதோ மரம் வேர்த்தட்டோடு பெயர்கிறது.
2. அடிமரம் முறிதல். உளுத்த மரம், கரையானோ பூஞ்சையோ அரித்த மரம், மென்மரம் ஆகியவற்றில் நிகழ்கிறது.
3. கிளை கிழிதல். ஒரே பருமனுள்ள இரு கிளைகள் குறுகிய கோணத்தில் பிரியும் கவட்டில், நடுவே மரப்பட்டை சிக்கிக்கொள்வதால் இணைப்பு வலுவற்றதாகிறது. காற்றில் அவ்விடமே பிளக்கிறது.

புயல்கள் தந்த பாடங்கள்

தமிழகத்தில் மரங்களின் தாங்குதிறன் பற்றிய பட்டறிவு பெரும்பாலும் அண்மைக்காலப் புயல்களின் வழி கிடைத்ததாகும்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரிப் பகுதியைத் தாக்கிய தானே புயலில் முந்திரி, பலாத் தோப்புகள் பெருமளவில் அழிந்தன. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் பல்லாயிரக்கணக்கான சாலையோர, வளாக மரங்கள் சாய்ந்தன. குல்மொகர் எனப்படும் செம்மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி மரம், இயல்வாகை (பெருங்கொன்றை) ஆகியவை அதிகமாக விழுந்தவற்றுள் அடங்கும். அதற்குப்பின் நாட்டு மரங்களையே நடவேண்டும் என்னும் கருத்து பரவலாக வலுப்பெற்றது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர், வாழைத் தோட்டங்களை அழித்தது.

உள்நாட்டு மாவட்டங்களுக்குப் பெரிய எச்சரிக்கையாக அமைந்தது கஜா புயலாகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த இப்புயல், வலுக்குறைந்தவாறு உள்நாடு வழியாக மேற்கு நோக்கி நகர்ந்து கேரளத்தைக் கடந்து அரபிக்கடலை அடைந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. கொடைக்கானல் மலைப்பகுதி வரை மரங்கள் சாய்ந்தன. தென்னை பொதுவாகக் காற்றைத் தாங்கும் மரம் எனக் கருதப்படுவது. ஆயினும் ஒரே வயதுடைய ஒரே வகை மரங்கள் பரந்த நிலத்தில் நின்றால், ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு முழுவதும் இல்லாமற் போகக்கூடும் என்பதை இப்புயல் காட்டியது. புதிய தென்னங்கன்று காய்ப்புக்கு வரப் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992 ஆம் ஆண்டின் ஆண்ட்ரூ சூறாவளி தொடங்கிப் பல சூறாவளிகளுக்குப் பின் நகர்ப்புற மரங்களைக் கணக்கெடுத்தனர். மரத்தின் இனம் மட்டுமன்றி நடப்பட்ட முறையும் முக்கியம் என்பது அவர்களது முடிவு. தனித்து நின்றவற்றைவிடக் கூட்டமாக நின்ற மரங்கள் கூடுதலாகப் பிழைத்தன. வேர் பரவ இடமிருந்த மரங்களும் முறையாகக் கவாத்துச் செய்யப்பட்ட மரங்களும் குறைவாகச் சேதமுற்றன. இம்முடிவுகள் மதுரை போன்ற வெப்ப மண்டல ஊர்களுக்கும் பொருந்துவனவே.

விலங்குகளால் ஏற்படும் சேதம்

மதுரைச் சமவெளியைச் சுற்றி அழகர்மலை, சிறுமலை, நாகமலை, நத்தம்–மேலூர்க் குன்றுகள் ஆகியவை உள்ளன. மேற்கே சாப்டூர்ப் பகுதிக் காடுகள் 2021 இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தவை. இம்மலைகளின் அடிவாரங்களிலும் புதர் மண்டிய கண்மாய்களிலும் வாழும் விலங்குகள் விளைநிலங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வருகின்றன.

- மயில்: நாற்றுகளையும் மிளகாய், தக்காளி போன்றவற்றையும் கொத்துகிறது. பூச்செடிகளின் இளந்தளிரையும் மொட்டுகளையும் உண்கிறது. பறக்கவல்லது ஆதலால் வேலியால் மட்டும் தடுக்க இயலாது.
- காட்டுப்பன்றி: கிழங்கு, நிலக்கடலை, வாழைக்கிழங்கு ஆகியவற்றைத் தோண்டுகிறது. ஈரமான புல்தரையை மண்புழுவுக்காகக் கிளறிவிடும். இளங்கன்றுகள் இதில் வேரோடு பெயர்கின்றன.
- நாட்டுக்குரங்கு: அழகர்கோயில் போன்ற இடங்களில் மிகுதி. பழமரங்களையும் இளந்தளிர்களையும் நாடுவதுடன் மெல்லிய கிளைகளை ஒடித்தும் விடுகிறது.
- புள்ளிமான், குழிமுயல்: கன்றுகளின் குருத்தைக் கடிக்கின்றன. ஆண்மான் கொம்பை உரசி இளமரங்களின் பட்டையை உரித்துவிடும்.
- முள்ளம்பன்றி, பெருச்சாளி: தென்னங்கன்றின் குருத்து, கிழங்குகள், வேர்கள் ஆகியவற்றைக் கடிக்கின்றன. பெருச்சாளி வளைகள் மண்ணைத் தளரச் செய்வதால் மரத்தின் வேர்ப்பிடிப்பும் குறைகிறது.
- பழந்தின்னி வௌவால், கிளி, அணில்: பழங்களை உண்கின்றன. இவை விதை பரப்புவதால் இவற்றால் விளையும் நன்மையும் பெரிது. வௌவால்கள் பற்றிய ஆய்வுகளுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நன்கறியப்பட்டதாகும்.

உண்மையில் நகருக்குள்ளும் சிற்றூர்களிலும் கன்றுகளை அதிகம் அழிப்பவை காட்டுயிர்கள் அல்ல. அவிழ்த்துவிடப்பட்ட ஆடுகளும் மாடுகளுமே. ஆகையால் ஆடு கடிக்காத செடி எது என்னும் வினாவே பெரும்பாலான இடங்களில் முதல் வினாவாகும்.

காற்றைத் தாங்கும் மரங்கள்

பின்வருவன இப்பகுதியில் நன்கு வளர்ந்து, பொதுவாகக் காற்றைத் தாங்குவனவாக அறியப்பட்டவை.

- புளி: ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதெனினும் மிகப் பழங்காலத்திலேயே இங்கு நிலைபெற்றது. ஆழ்ந்த வேரும் வளைந்துகொடுக்கும் உறுதியான கிளைகளும் உடையது. வெளிநாட்டு மரமெல்லாம் வலுவற்றது என்னும் பொதுக்கருத்துக்கு இது ஒரு விதிவிலக்கு. மதுரையிலிருந்து செல்லும் பழைய சாலைகளில் நெடுங்காலம் நிழல் தந்தவை இம்மரங்களே. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிபுரிந்த இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்து மரங்கள் நட்டதாக இப்பகுதியில் வழங்கிவருகிறது.
- வேம்பு: ஆணிவேர் ஆழமாக இறங்குவது, வறட்சியைத் தாங்குவது. முதிர்ந்த கிளைகள் சிலவேளை ஒடியலாம். அண்மை ஆண்டுகளில் பருவமழைக் காலத்தில் நுனிக்கருகல் நோய் காணப்படுகிறது; பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்த்துவிடுகின்றன.
- புங்கம்: நடுத்தர உயரம், அடர்ந்த நிழல், உறுதியான வேர்ப்பிடிப்பு. இலைகளைக் கால்நடைகள் அவ்வளவாக விரும்புவதில்லை. தெருக்களுக்கு மிகவும் ஏற்றது.
- பனை: தமிழ்நாட்டின் மாநில மரம். தழைப்பரப்பு சிறிதாகவும் நார்த்தன்மையுள்ள மரம் வளைவதாகவும் இருப்பதால் கடும்புயலையும் தாங்குகிறது. கண்மாய்க் கரைகளிலும் வரப்புகளிலும் நடலாம். வளர்ச்சி மிக மெதுவானது.
- இலுப்பை: வன்மரம், நீண்டகாலம் வாழ்வது. பூவையும் பழத்தையும் வௌவால்கள் நாடி வரும். எனவே வாகனங்கள் நிறுத்துமிடத்தைத் தவிர்த்துக் கோயில் வளாகம், பூங்கா ஆகியவற்றில் நடுவது நன்று.
- நீர்மருது: ஆற்றங்கரைக்கு உரியது. வைகைக் கரை, கால்வாய் ஓரம், கண்மாய் உள்வாய் ஆகிய ஈரப்பாங்கான இடங்களில் மண்ணைப் பிடித்து நிற்கும்.
- நாவல்: அடர்ந்த தழையும் வலுவான வேரும் உடையது. பழம் விழும் காலத்தில் நடைபாதை வழுக்கும் என்பதால் ஓரமாக நடவேண்டும்.
- மகிழம்: மெதுவாக வளர்ந்து செறிந்த உருண்டைத் தழையமைப்புப் பெறும். சிறிய வீட்டுமனைக்கும் பள்ளி வளாகத்துக்கும் பொருத்தமானது.
- புன்னை: கடற்கரை மரம்; காற்றையும் உப்பையும் தாங்கும். நீர் வார்த்தால் மதுரையிலும் நன்கு வளர்கிறது.
- உசிலை: இப்பகுதியின் வறள்காட்டுக்கு உரிய மரம். இதன் இலைப்பொடியே தலைக்குத் தேய்க்கும் அரப்பு ஆகும். இடையபட்டி வெள்ளிமலை கோயில்காட்டில் இம்மரங்கள் மிகுதி. பாறையும் சரளையும் நிறைந்த நிலத்துக்கு ஏற்றது.
- விளா, வன்னி, கருவேலம்: முள்ளுடைய வன்மரங்கள். மேய்ச்சலைத் தாங்கி வறண்ட நிலத்தில் நிலைப்பவை.
- ஆல், அரசு: ஊர்ப்பொது இடங்களுக்கும் கண்மாய்க் கரைகளுக்கும் உரியவை. ஆலின் விழுதுகள் தரையில் ஊன்றினால் அவை தூண்களாக மரத்தைத் தாங்கும். விழுதுகளை வெட்டிவிடுவது மரத்தின் பிடிமானத்தை அகற்றுவதாகும். கட்டடத்தின் அருகே இவற்றை நடக்கூடாது.

கவனத்துடன் நடவேண்டிய மரங்கள்

செம்மயிற்கொன்றை (மடகாசுகரைத் தாயகமாகக் கொண்டது), தூங்குமூஞ்சி (தென்னமெரிக்காவைச் சேர்ந்தது), இயல்வாகை ஆகியவை விரைவாக வளர்ந்து அகன்ற நிழலும் அழகிய மலர்களும் தருவன. ஆனால் மேலோட்டமான வேரும் பரந்த கனமான கிளைகளும் உடையவை ஆதலால், குறுகிய தெருக்களிலும் மின்கம்பிகளின் அடியிலும் இடர் விளைவிக்கும். பரந்த திடலின் நடுவில் இவற்றை வளர்ப்பதில் தவறில்லை.

முருங்கை, அகத்தி ஆகியவை மென்மரங்கள், எளிதில் முறிபவை. சிறிய மரங்கள் ஆதலால் உயிர்ச்சேதம் அரிது. வெற்றிலைக்குப் பெயர்பெற்ற சோழவந்தான் பகுதிக் கொடிக்கால்களில் அகத்தி, கொடிக்குக் கொழுகொம்பாகவும் காற்றுத் தடுப்பாகவும் பயன்படுகிறது.

வாகையின் கிளைகள் ஒடியும் இயல்புடையவை. பூவரசு வலிய மரமாயினும், போத்து நட்டு வளர்த்தால் ஆணிவேர் உருவாகாது. விதைக்கன்றே மேலானது. கடம்பு மதுரையின் அடையாள மரமாக விரும்பி நடப்படுகிறது. அது ஈரம் வேண்டும் மென்மரம். வறண்ட மனைகளைவிட நீர்வளமுள்ள கோயில் நந்தவனம், கால்வாய்க்கரை ஆகியவற்றில்தான் செழிக்கும்.

சீமைக் கருவேலம் காற்றையும் ஆட்டையும் வறட்சியையும் ஒருங்கே தாங்கும் செடியாகும். ஆனால் அது கண்மாய்களை ஆக்கிரமிக்கும் அயல் இனம். தாங்குதிறன் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. உண்ணிச்செடிக்கும் இது பொருந்தும்.

விலங்குகள் தவிர்க்கும் செடிகள்

கசப்பு, காரநெடி, நச்சுப்பால், முள் ஆகியவை தாவரங்களின் தற்காப்புகளாகும். இவ்வறிவு தமிழ்ப் பெயர்களிலேயே பதிந்துள்ளது. ஆடாதோடை என்னும் பெயர் "ஆடு தொடா" என்பதிலிருந்து வந்ததாகக் கூறுவர். ஆடுதின்னாப்பாளை என்னும் மூலிகையின் பெயர் தானே பொருள் விளக்குவது.

- உயிர்வேலிக்கு: ஆடாதோடை, நொச்சி, கிளுவை, மருதாணி, களா, கொடுக்காப்புளி, கள்ளி, கற்றாழை. கிளுவையும் கொடுக்காப்புளியும் நெருக்கமாக நட்டு ஆண்டுதோறும் வெட்டிவிட்டால் சுவர்போல் அடர்ந்துவிடும்.
- பூச்செடிகளுக்கு: அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை ஆகியவற்றை ஆடுமாடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டுகளில் அரளி நடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.
- விளைநில ஓரத்துக்கு: ஆமணக்கைச் சில வரிசைகள் நெருக்கமாக விதைப்பது காட்டுப்பன்றிக்கு எதிரான பழைய முறை. அதன் சுவையைப் பன்றி விரும்புவதில்லை. உள்ளிருக்கும் பயிரின் மணத்தையும் அது மறைக்கும் என்பர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. மஞ்சள் அரளியின் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சாகும். ஆமணக்கு விதையும் நஞ்சுடையது. ஆகவே மழலையர் பள்ளி, குழந்தைகள் விளையாடும் முற்றம், மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் அருகில் இவற்றை நடலாகாது. வெட்டிய அரளித் தழையை மாடுகள் மேயும் இடத்தில் கொட்டவும் கூடாது. இத்தகைய இடங்களுக்கு ஆடாதோடை, நொச்சி, மருதாணி ஆகியவை பாதுகாப்பானவை.

பசி மிகுந்த கோடையில் விலங்குகள் வழக்கமாகத் தவிர்க்கும் செடியையும் கடிக்கும். எனவே எந்தச் செடியும் முற்றிலும் பாதுகாப்பானதன்று.

நடவும் பராமரிப்பும்

நல்ல இனமாயினும் தவறாக நட்டால் சாயும். பின்வருவன அடிப்படை நடைமுறைகள்.

- கன்று: நெகிழிப்பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் வட்டமாகச் சுருண்டிருக்கும். நடும்போது அவற்றைப் பிரித்து அல்லது வெட்டி விடாவிடில், பல ஆண்டுகள் கழித்தும் மரம் பிடிப்பின்றிச் சாயும். உயரமான கன்றைவிட அடிபருத்த கன்றே சிறந்தது.
- குழி: குறைந்தது 60 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழம். சரளை அல்லது இறுகிய மண்ணில் ஒரு மீட்டர் வரை வேண்டும். வேர்க்கழுத்து மண்ணில் புதையக்கூடாது.
- காலம்: ஆடிக் காற்று தணிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் ஏற்றவை. அடுத்த கோடைக்குள் வேர் இறங்கிவிடும்.
- ஊன்றுகோல்: தளர்வாகக் கட்டி, ஓராண்டுக்குப் பின் அகற்றவேண்டும். காற்றில் சிறிது அசைந்து வளரும் கன்றே அடிமரத்தை வலுப்படுத்திக்கொள்ளும்.
- நீர்: நாள்தோறும் சிறிது வார்ப்பதைவிட இடைவெளிவிட்டு ஆழமாக வார்த்தால் வேர் கீழ்நோக்கி இறங்கும்.
- காப்பு: ஆடுமாடுகளுக்கு எதிராக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரக் கூண்டு, குருத்து அதனைத் தாண்டும்வரை தேவை. பன்றி, முள்ளம்பன்றி வரும் இடங்களில் கம்பிவலையின் அடியைச் சுமார் 30 சென்டிமீட்டர் மண்ணில் புதைக்கவேண்டும்.
- கவாத்து: இளம்பருவத்திலேயே ஒரு நடுத்தண்டை நிலைநிறுத்தி, குறுங்கோணக் கவடுகளை நீக்கவேண்டும். மழைக்கு முன் உச்சியை மொட்டையடிப்பது தவறான வழக்கம். அதன்பின் கிளம்பும் போத்துகள் மேற்பட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பதால் அடுத்த காற்றில் எளிதில் பிய்ந்துவிடும்.
- வேர்ப் பாதுகாப்பு: அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடுதல், குழாய், கம்பிவடம் பதிக்க ஒரு பக்க வேரை முற்றாக வெட்டுதல் ஆகியவை நகர்ப்புற மரங்கள் சாய்வதற்கு முக்கியக் காரணங்கள்.

காற்றுத் தடுப்பு வரிசை

காற்றுத் தடுப்பாக நடப்படும் மர வரிசை, தன் உயரத்தைப்போல் பத்து முதல் இருபது மடங்கு தொலைவுவரை காற்றின் வேகத்தைக் குறைக்கவல்லது. முழுதாக அடைத்த சுவரைவிட ஏறத்தாழ பாதியளவு இடைவெளியுடைய வரிசையே நல்ல பயன் தரும். முற்றிலும் அடைத்தால் காற்று மேலெழுந்து மறுபுறம் சுழலாக விழும். மேற்கு, தென்மேற்குத் திசையில் வெளிவரிசையில் நொச்சி, கிளுவை. நடுவரிசையில் புங்கம், பூவரசு. உள்வரிசையில் புளி, வேம்பு, பனை என உயரம் படிப்படியாக ஏறுமாறு நடுவது இப்பகுதிக்குப் பொருந்தும்.

இடத்துக்கேற்ற தேர்வு

- சிறிய வீட்டுமனை: மகிழம், புங்கம், மருதாணி வேலி. முதிர்ந்த மரத்தின் உயரத்தையும் சுவரிலிருந்து உள்ள தொலைவையும் நடும் முன்னரே கணக்கிடவேண்டும்.
- மின்கம்பி செல்லும் தெரு: நந்தியாவட்டை, சரக்கொன்றை போன்ற சிறுமரங்கள். கம்பியில்லாத பக்கத்தில் புங்கம், வேம்பு.
- பள்ளி, கல்லூரி வளாகம்: வேம்பு, இலுப்பை, நாவல், புன்னை ஆகியவற்றைக் கூட்டமாக நடுதல். வகுப்பறைக் கூரைக்கு மேல் நீளும் கிளைகளை ஆண்டுதோறும் சோதித்தல்.
- கண்மாய்க் கரை: பனை, ஆல், அரசு, நீர்மருது.
- மலையடிவாரத் தோட்டம்: சுற்றிலும் கிளுவை, களா முள்வேலி, உள்ளே உசிலை, வேம்பு, விளா. பழமரங்களை வீட்டுக்கு அருகிலும் கண்காணிக்கக்கூடிய இடத்திலும் வைத்தல்.

சட்ட நிலை

மயில் 1963 இல் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் (பாதுகாப்பு)ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெறுகிறது. அதனைக் கொல்வதும் நஞ்சிடுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். காட்டுப்பன்றிகளைப் பொறுத்தவரை, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினர் சுடுவதற்கான முடிவைத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது. தனியார் இதனைச் செய்ய உரிமையில்லை.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டத்துக்கு முரணானது. தமிழகத்தில் இத்தகைய வேலிகளில் காட்டுயிர்கள் மட்டுமன்றி மனிதர்களும் உயிரிழந்துள்ளனர்; தன் வேலியிலேயே சிக்கி இறந்த உழவர்களும் உண்டு. குறைந்த ஆற்றலைத் துடிப்புகளாகச் செலுத்தும் சூரியமின் வேலிகளை ஒழுங்குபடுத்த 2023 இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி பதிவு தேவை. உயிர்வேலியின் மதிப்பு இவ்விடத்தில்தான் நன்கு விளங்கும். அது அடர்வதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் யாரையும் கொல்வதில்லை.

பனையை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 2021 ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அரசு நிலத்திலும் சாலையோரத்திலும் உள்ள மரங்களை அகற்றுவது குறித்து மாவட்டப் பசுமைக் குழு முடிவு செய்கிறது.

கருத்து வேறுபாடுகள்

நாட்டு மரங்கள் மட்டுமே காற்றைத் தாங்கும் என்னும் கருத்து முழுவதும் சரியன்று. வர்தா புயலில் நாட்டு மரங்களும் விழுந்தன. புளி போன்ற வந்தேறி மரங்கள் நிற்கின்றன. வேர் பரவும் இடம், மண், மரத்தின் வயது, கவாத்து ஆகியவையும் இனத்துக்கு நிகராக முக்கியமானவை. எனினும் இம்மண்ணில் நெடுங்காலம் நிலைத்த இனங்கள் வறட்சியையும் மேய்ச்சலையும் தாங்கிப் பழகியவை என்பதால் அவற்றுக்கு முன்னுரிமை தருவது தகும்.

விலங்குகள் தொடாத செடிகளை மட்டும் நட்டால் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் உணவற்ற தோட்டமே மிஞ்சும் என்பது மற்றொரு கருத்து. மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மதுரைச் சமவெளி வெறும் வறள்நிலம் அன்று என்பதற்கு அது சான்று. ஆகவே எல்லையில் விலங்குகள் தவிர்க்கும் செடிகளையும், வீட்டிலிருந்து விலகிய பொது இடங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் ஆல், அத்தி, நாவல், இலுப்பை போன்ற உணவு தரும் மரங்களையும் நடுவது இரண்டுக்கும் இடம்தரும் வழியாகும்.

விரைவில் நிழல் வேண்டும் என்னும் விருப்பமே பெரும்பாலும் வலுவற்ற மரங்களைத் தேர்வதற்குக் காரணமாகிறது. புங்கமும் வேம்பும் நல்ல பராமரிப்பில் ஐந்தாறு ஆண்டுகளில் நிழல் தரத் தொடங்கும். இலுப்பையும் பனையும் நட்டவரின் அடுத்த தலைமுறைக்கே முழுப்பயன் தருவன.

இவற்றையும் பார்க்க

- உயிர்வேலி
- கோயில்காடு
- தலமரம்
- கஜா புயல்
- சீமைக் கருவேலம்
- வைகை ஆறு
- அழகர்மலை